தாழிட்ட அறையில் சாக்ஸபோன்

நம்புகிறவர்கள் நம்பட்டும். என் பெயர் கமலாம்பாள். 1992 ஐப்பசியில், அனுப்பர்பாளையத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் இது நடந்தது. சத்தியமாக நடந்தது.

என் வீட்டுக்காரர் ஆறுமுகசாமிக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. ஆர்டர் கொடுக்க வரும் வெள்ளைக்காரர்களிடம் மற்றவர்கள் வாட்ச் கேட்பார்கள். இவர் ஜாஸ் ரிக்கார்டு கேட்பார். அதிலும் சாக்ஸபோன் வாசித்த பழைய ரிக்கார்டுகள். ஒரு பீரோ நிறையச் சேர்ந்துவிட்டது. வேலை முடிந்து வந்ததும் அந்த அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். எனக்குக் கரு கலைந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றும் அப்படித்தான். இந்தப் பக்கம் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அந்தப் பக்கம் அவர் ரிக்கார்டைத் திருப்பிப் போட்டார்.

இது நடந்த அன்று காய்ச்சல் என்று லீவு போட்டிருந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை முடித்து நான் ஆறரைக்கு வந்தேன். பக்கத்து வீட்டுச் சாமியாத்தாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்கக்கா, அண்ணன் மத்தியானத்துல இருந்து அந்த ஊதலை நிறுத்தவே இல்லீங்களே?"

"நிறுத்துனாத்தான் அதிசயம்" என்றேன்.

அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே சாக்ஸபோன். நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

ஒரு பக்கம் முடிந்தால் எழுந்துதான் திருப்பிப் போட வேண்டும். நாற்காலி கிறீச்சிடும். ஊசி 'டொக்' என்று விழும். பதினோரு வருஷமாகக் கேட்ட சத்தம்.

அன்று ஊசி விழுந்தது. நாற்காலி கிறீச்சிடவில்லை...

எட்டு பத்துக்குக் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. தெரு வீடுகளில் ஓடிய தையல் மெஷின்கள் எல்லாம் ஓய்ந்தன.

சாக்ஸபோன் ஓயவில்லை.

மெழுகுவத்தியோடு கதவருகே போனேன்.

"ஏனுங்க..."

சட்டென்று நின்றது.

"சாப்புட வர்றீங்களா?"

"நீ சாப்புடு கண்ணு."

கதவை ஒட்டிக் கேட்டது. குனிந்து, சாவித் துவாரத்தில் வாய் வைத்துச் சொன்னதுபோல.

ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால் இன்றும் என்மேலேயே கோபம் வருகிறது.

"கரண்டு இல்லாம எப்படிங்க பாடுது?"



மூச்சு மட்டும்... ஊதுவதற்கு முன்னால் இழுக்கும் மூச்சு...

ஸ்ஸ்ஸ்...

அலறினேன்.

சாமியாத்தாளின் புருஷன் கன்னையன் ஓடி வந்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்த கதவை உடைத்தார். நாற்காலியில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். கையைத் தொட்டேன். கட்டைபோல் விறைத்திருந்தது. ரிக்கார்டு பிளேயரின் மூடி சாத்தியிருந்தது. ரிக்கார்டுகள் எல்லாம் பீரோவில், உறைக்குள்ளேயே இருந்தன.

ஒன்பதரைக்கு டாக்டர் வந்து பார்த்தார்.

"மாரடைப்புங்க. உசுரு போயி பத்து மணி நேரத்துக்கு மேல ஆச்சுங்க."

அப்படியென்றால் காலையிலேயே போய்விட்டார். சாமியாத்தாள் பாட்டுக் கேட்கத் தொடங்கியதே மத்தியானம்தான்.

பதினோரு வருஷத்தில் அவர் என்னைக் கண்ணு என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. போகிற போக்கிலாவது கூப்பிட்டாரே என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் நினைத்து நினைத்துப் பார்த்துவிட்டேன்...

அது அவர் குரல் இல்லை.