மத்தியானத்துக்காக எழுதிய புரோகிராம்

பிள்ளை பிறந்த நான்காவது மாதம் நான் வேலைக்குத் திரும்பினேன். கும்மிடிப்பூண்டியில் நெடுஞ்சாலையோரம் இரும்புக் குழாய் செய்கிற ஆலை அது. அதன் ஒரு மூலையில், ஜன்னலே இல்லாத அறையில் கம்ப்யூட்டர் இருந்தது. எழுபதுகளின் பின்பாதியில் அந்தப் பக்கத்தில் அது பெரிய அதிசயம். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அழைத்துவந்து கண்ணாடிக் கதவு வழியாகக் காட்டுவார்கள். உள்ளே உட்கார்ந்திருக்கும் என்னையும் சேர்த்துத்தான் காட்டினார்கள் என்று நினைக்கிறேன். மிஷினுக்கு ஏசி வைத்திருந்தார்கள். பெண்களுக்கான கழிப்பறை ஆலையின் மறுகோடியில் இருந்தது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். காலையில் ஒவ்வொரு ஷெட்டிலிருந்தும் நேற்றைய கணக்கு வரும். அதை அட்டைகளில் துளையிட்டுக் கொடுப்பார்கள். அட்டைகளை ஒரு மிஷின் படிக்கும், பழைய விவரம் டேப்பில் இருக்கும், இரண்டையும் சேர்த்து எந்த ஷெட்டில் எந்தக் குழாய் ஓட வேண்டும் என்கிற திட்டத்தைப் பிரிண்டர் அடித்துக் கொடுக்கும். இதெல்லாம் போக ஒரு டைப்ரைட்டர் உண்டு. கம்ப்யூட்டர் நம்மிடம் ஏதாவது சொல்லவும் கேட்கவும் அதுதான் வாய். மத்தியான ஷிப்ட் ஆரம்பிப்பதற்குள் திட்டம் ஷெட்டுக்குப் போயாக வேண்டும். ஆகவே புரோகிராம் ஓடுகிற நேரம் சரியாக உச்சிவேளை.

அந்த வேளையில் எனக்கு மார்பு கட்டிக்கொள்ளும். ரவிக்கைக்குள் கைக்குட்டையை மடித்து வைத்திருப்பேன், அதுவும் நனைந்துவிடும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஏசி குளிருகிறது என்று பொய் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீடு நடக்கிற தூரத்தில்தான் இருந்தது. கணவர் கூடூரில் ரயில்வேயில் இருந்தார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டாள். பழவேற்காடு ஏரிப் பக்கத்து மீன்பிடிக் குடும்பம், புருஷன் எங்கள் ஆலையில் வேலைக்குச் சேர்ந்ததால் இங்கே குடிவந்தவர்கள். தன் பிள்ளைகளை வளர்த்து முடித்தவள், என் பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்தால் அது உடனே அடங்கிவிடும்.

ஆஸ்பத்திரி நர்ஸ் தெளிவாகச் சொல்லியிருந்தாள். காலையில் விட்டால் சாயங்காலம்தான் என்று இருந்தால் பால் வற்றிப்போகும், நடுவில் ஒரு தடவையாவது கொடுக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். மத்தியானம் ஒரு தடவை வீட்டுக்குப் போய்வர வேண்டும். சட்டத்தில்கூட அதற்கு இடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு மேலாளரிடம் போய்க் கேட்டேன். அவர் இல்லை என்று சொல்லவில்லை. தாராளமாகப் போய் வாருங்கள், ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற வேலை நடுவில் நின்றால் யார் பார்ப்பது என்று மட்டும் கேட்டார். வேலையை விட்டுவிடலாம் என்றால், சில வருஷம் விலக மாட்டேன் என்று பயிற்சிக்கு அனுப்பியபோதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பாட்டில் பால் கொடுத்தால் என்ன, ஊரில் எல்லாரும் கொடுக்கவில்லையா என்றார் கணவர். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

மேலாளர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். அட்டை சிக்கினால் புரோகிராம் ஓரிடத்தில் நிற்கும், டேப் மக்கர் பண்ணினால் வேறோர் இடத்தில், பேப்பர் தீர்ந்தால் இன்னோர் இடத்தில். எங்கிருந்து மறுபடி கிளப்ப வேண்டும், எந்த ஸ்விட்சைத் தட்ட வேண்டும் என்பது எழுதிய எனக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு சாமானுக்கும் ஒவ்வொரு குணம், அத்தனை குணமும் என் புரோகிராமின் உள்ளே பின்னிக்கிடந்தது. அது போதாதென்று, ஓர் அட்டையைப் படிக்கச் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் வேறொன்றும் செய்யாமல், முடிந்ததா, முடிந்ததா என்று கேட்டுக்கொண்டே நிற்கும். அத்தனை விலை கொடுத்து வாங்கிய மிஷின் பாதி நேரம் சும்மா நின்றது. அது சும்மா நிற்பதைப் பார்த்துக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன்.

மாவு மில்லில்தான் எனக்கு வழி தெரிந்தது. டின்னை வைத்தால் மில்காரர் ஒரு டோக்கன் கொடுப்பார். நாம் கடைக்குப் போய்விட்டு வந்து டோக்கனை நீட்டினால் மாவு. அரிசியானாலும் மிளகாயானாலும் சீயக்காயானாலும் டோக்கன் ஒன்றுதான், எதை எந்த மிஷினில் போடுவது என்பது மில்காரர் பாடு. பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

அதையே எழுதினேன். புரோகிராமுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை மூன்றே கட்டளைகள்: கொடு, பார், காத்திரு. எந்தச் சாமானாக இருந்தாலும் வேலையைக் கொடுத்தால் ஒரு டோக்கன் எண் வரும். வேறு வேலையைப் பார்த்துக்கொண்டே, முடிந்துவிட்டதா என்று அந்த எண்ணை வைத்துப் பார்க்கலாம். வேறு வழியில்லை என்றால் மட்டும் காத்திருக்கலாம். அட்டையா, டேப்பா, பிரிண்டரா என்பது மேலே இருக்கிற புரோகிராமுக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொன்றின் குணத்தையும் அதனதன் கீழே ஒரு சின்னப் பகுதியாக எழுதி அடக்கினேன். அட்டை சிக்கினால் அந்தப் பகுதியே டைப்ரைட்டரில், சிக்கிய அட்டையை எடுத்துத் திரும்ப வை என்று அடிக்கும். மிஷினை ஓட்டுகிற ஆபரேட்டர் அப்படியே செய்தால் போதும், நான் வேண்டாம். டைப்ரைட்டரையும் விடவில்லை. அதுவும் ஒரு சாமான்தானே என்று அதற்கும் அதே மூன்று கட்டளை, அதே வரிசை. வந்தது வந்த வரிசையில்தான் நடக்கும். எல்லாமே ஒரே அச்சில் வார்த்தது மாதிரி இருந்ததைப் பார்க்க எனக்கே கர்வமாக இருந்தது. டைப்ரைட்டரையும் அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியபோதுதான் எனக்கு நானே குழி வெட்டிக்கொண்டேன்.

ஆபரேட்டர் பெரியபாளையத்துக்காரர். பவானி அம்மன் மேல் உயிர். ஆடி மாதம் வேப்பிலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறவர், மற்ற மாதங்களில் வெள்ளிக்கிழமை தவறாமல் மிஷின்களுக்குப் பூஜை போடுவார். எல்லாவற்றையும் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, ஆளுக்கு ஒரு முழம் பூ. நல்ல மனிதர், கை சுத்தம், சொன்னதைச் சொன்னபடி செய்வார்.

சோதனையாக ஒரு நாள் போய்வாருங்கள் என்று மேலாளர் அனுமதித்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. புரோகிராமைக் கிளப்பிவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலிலேயே பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றாள். வாங்கி மடியில் போட்டதும் அது ஆவேசமாகக் குடித்தது. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். பல நாளாகக் கட்டியிருந்தது இறங்குகிற சுகத்தில் அழுகை வந்தது, அழுதேன்.

ஒரு பக்கம்கூட முடிந்திருக்காது, வாசலில் சைக்கிள் வந்து நின்றது. ஆலை பியூன்.

"மேடம், மிஷினு அப்படியே நின்னுக்கினு கீது. மேனேஜரு உங்கள கையோட இட்டாரச் சொன்னாரு."

பிள்ளையை மார்பிலிருந்து பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அது அழுத அழுகை தெருமுனை வரை என்னைத் துரத்தியது.

அறையில் ஒன்றுமே அசையவில்லை. எல்லா விளக்கும் எரிந்தன, எந்தச் சாமானும் ஓடவில்லை. ஆபரேட்டர் டைப்ரைட்டர் முன்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தை அடிக்கக் கொடுத்த கையோடு என் புரோகிராம் கேட்டுவைத்த கேள்வி டைப்ரைட்டரில் இருந்தது: முதல் பக்கம் நேராக விழுந்திருக்கிறதா, ஆம் அல்லது இல்லை. பக்கம் வந்தால்தானே மேடம் பதில் சொல்வேன் என்றார் அவர். அவர் சொன்னது சரி. பக்கம் ஏன் வரவில்லை என்று பிரிண்டரிடம் போனேன். மூடி மூடியிருப்பது போலத்தான் தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், பூஜைக்கு வைத்த பூவின் நார் மூடியின் கொக்கியில் மாட்டி, அது ஒரு மயிரிழை திறந்திருந்தது. திறந்திருந்தால் பிரிண்டர் அடிக்காது. அதைக் காட்ட ஒரு சிவப்பு விளக்கு உண்டு, அதன்மேல் பெரிதாகச் சந்தனப் பொட்டு.

மூடி திறந்திருக்கிறது என்று பிரிண்டரின் பகுதி அப்போதே சொல்லியிருந்தது. ஆனால் அந்தச் செய்தி டைப்ரைட்டர் வரிசையில் இரண்டாவதாக நின்றது. முதலில் நின்ற கேள்விக்குப் பதில் வந்தால்தான் அதற்கு வழி. ஆபரேட்டர் பக்கத்துக்காகக் காத்திருந்தார், பக்கம் மூடிக்காக, மூடி செய்திக்காக, செய்தி ஆபரேட்டருக்காக. ஒருத்தர் மேலும் தப்பில்லை, ஒருத்தராலும் நகர முடியவில்லை. என் அழகான வரிசை எல்லாரையும் உள்ளே போட்டுப் பூட்டியிருந்தது. ரவிக்கை மறுபடி நனைந்துகொண்டிருக்க, நாரைப் பிய்த்து எறிந்தேன். பிரிண்டர் கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது.

திட்டம் ஷெட்டுக்குத் தாமதமாகப் போனது. மேலாளர் கத்தவில்லை, அது இன்னும் மோசம்.

"இனிமே மத்தியானம் நீங்க இங்கேயே இருங்கம்மா. எல்லாம் சரியானப்புறம் பாக்கலாம்."

பூஜையை நிறுத்தச் சொல்லலாமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். இன்றைக்குப் பூ, நாளைக்கு வேறொன்று மாட்டும். வழி மறித்து நின்றது என் வரிசை, பூவை நிறுத்தினால் அது திறந்துவிடுமா.

சரிசெய்ய வேண்டியது இன்னதென்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. எச்சரிக்கை வரிசையில் நிற்கக் கூடாது, அதற்குத் தனி வாசல் வேண்டும். காத்திரு என்று யாரிடம் சொன்னாலும் எதுவரை என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும், கெடு தாண்டினால் வெறுங்கையோடாவது திரும்பி வர வேண்டும். இதை எழுத அதிக நாள் ஆகவில்லை. ஓட்டிப் பார்க்கத்தான் மிஷின் கிடைக்கவில்லை. ஷிப்ட் வேலை எல்லாம் முடிந்து மிச்சமிருக்கிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள், அதுவும் சாயங்காலத்தில். மத்தியானத்தில் பிள்ளையிடம் போவதற்காகச் சாயங்காலத்தையும் அங்கேயே கொடுத்தேன். ஆபரேட்டரை விட்டு மூடியைத் திறக்கச் சொல்வேன், அட்டையைக் கசக்கிப் போடச் சொல்வேன், கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் நிற்கச் சொல்வேன். பாவம், மிஷினைக் கொடுமைப்படுத்துகிற மாதிரி கூசிக்கொண்டே செய்தார்.

இதற்கிடையே அக்கா பாட்டில் கேட்டாள். பசியில் பிள்ளை கத்துவதைக் காதால் கேட்க முடியவில்லை என்றாள். பஜாரில் போய் நான்தான் வாங்கி வந்தேன். நான் வீடு திரும்புவதற்குள் பிள்ளை பாட்டில் குடித்துத் தூங்கியிருக்கும். வரவர மத்தியானத்தில் மார்பு கட்டுவது குறைந்தது. கைக்குட்டை நனையாத நாளும் வந்தது. அன்றைக்கு ஏசி நிஜமாகவே குளிர்ந்தது.

கடைசியில் மேலாளர் தானே வந்து பார்த்தார். வேண்டுமென்றே மூடியைத் திறந்து வைத்தார். டைப்ரைட்டர் அக்கணமே எச்சரிக்கை அடித்தது, ஆபரேட்டர் மூடினார், வேலை தொடர்ந்தது. நான் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. நாளையிலிருந்து போய்வாருங்கள், ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். உங்கள் புரோகிராமுக்கு இனி நீங்கள் பக்கத்தில் நிற்கவே வேண்டாம் போலிருக்கிறதே என்று சிரித்தார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

மறுநாள் நான் போனபோது பிள்ளை அக்காவின் மடியில் விழித்துக்கொண்டுதான் இருந்தது. வாங்கி மார்போடு அணைத்தேன். வாயை வைத்து இரண்டு இழுப்பு இழுத்தது. ஒன்றும் வரவில்லை. மறுபக்கம் மாற்றினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டது, உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்துக் கையை நீட்டியது. நான் விடாமல் இன்னும் ஒரு தடவை அணைத்தேன். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. அக்கா மெதுவாகப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பாட்டிலை வாயில் வைத்ததும் அழுகை நின்றது.

"நீ போய் வேலயப் பாரு கண்ணு," என்றாள், என் தலையைத் தடவி. "இத்த நான் பாத்துக்கறேன்."

ரவிக்கையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தேன். எனக்குக் கொடுத்த ஒரு மணி நேரத்தில் முக்கால்வாசி மீதி இருந்தது. ஆலையில் என் வேலை நானில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் வெயிலில் நின்றேன்.