வெள்ளைச்சாமியின் கொம்புப்பிடிக் கத்தி

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. பொழுது புலரும்போதே புழுக்கம். ஓர் இலைகூட அசையவில்லை.

ஐந்தே முக்கால் மணிக்கு, சுரங்க வாசலுக்கு எதிரேயுள்ள தனத்தின் தேநீர்க் கடையில், வெள்ளைச்சாமி தம் மடக்குக் கத்தியை விரித்து, இடக்கை முடியில் ஒருமுறை இழுத்துக் கூர் பார்த்தார். அந்த முன்கையில் ஒரு சாண் நீளத்துக்கு முடியே கிடையாது. போரில் பட்ட புண்ணைப் போல அதைச் சட்டையை மடித்துக் காட்டுவார். பிறகு கத்தியை மடக்கினார். 'டக்'கென்ற அந்த ஓசைக்கு நான்கு பேராவது திரும்பாவிட்டால், மீண்டும் விரித்து மடக்குவார்.

கத்தியுடன் சுரங்கத்துக்குள் போக அனுமதியில்லை. ஆதலால் ஷிப்டுக்குப் போகிறவர்கள் கத்தி, தீப்பெட்டி, பீடி ஆகியவற்றைத் தனத்திடம் விட்டுச் செல்வார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களின் கத்திகள் ஒரே பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். உடைந்த ரம்பத் தகட்டைத் தேய்த்துச் சைக்கிள் ட்யூப் சுற்றியவை. வெள்ளைச்சாமியோ நிரந்தரப் பணியாளர். அவருடைய கத்திக்கு எருமைக்கொம்புப் பிடி, தோல் உறை, தனிப் பெட்டி.

"அதுங்களோட போட்டுறாதம்மா. உரசுனா கூர்வாய் போயிரும்" என்பார் நாள்தோறும்.

"உங்க கத்திக்கும் குவார்ட்டர்ஸ் அலாட் பண்ணிக் குடுத்தாச்சி சார், போங்க" என்பாள் தனம்.

இரண்டு மணிக்கு வெளியே வந்ததும் ஒரு கொய்யாவை எட்டுக் கீற்றாக அரிவார். ஒவ்வொன்றையும் கத்தி முனையில் குத்தி, கண்ணை மூடிக்கொண்டு தின்பார். எவருக்கும் ஒரு கீற்றுக் கொடுத்ததில்லை. சாக்குக் கட்டின கயிற்றை அறுக்க யாரேனும் கேட்டால், "கயிறுக்கெல்லாம் இது கிடையாதுப்பா" என்பார். தேனிப் பக்கத்திலிருந்து வந்த இந்த முப்பது ஆண்டுகளில் அக்கத்தி கொய்யாவையும் தன் எசமானின் முடியையும் தவிர வேறெதையும் வென்றதில்லை.

அன்று பத்து மணிக்குத்தான் அதற்கு வேலை வந்தது. கடைக்கு முன்னால், துப்புரவுப் பணிப்பெண் பிரபாவதியின் துப்பட்டா, அவள் தம்பி ஓட்டிவந்த பைக்கின் பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. வண்டி நின்றும் கழுத்துச் சுருக்கு விடவில்லை. தனம் பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு தகட்டை எடுத்து அறுத்தாள். துணி நைந்ததேயன்றி அறுபடவில்லை. பெண்ணின் முகம் கறுத்துக்கொண்டே போனது. தனம் ஓடிப்போய்த் தனிப் பெட்டியைத் திறந்தாள். கழுத்தருகே கத்தி நுழைய இடமில்லை. சக்கரத்தருகே வைத்து ஒரே இழுப்பு. துணி இரண்டானது. பிரபாவதி மண்ணில் சரிந்து இருமினாள். கூர் தீட்டுவதில் வெள்ளைச்சாமி குறை வைத்தவரல்லர். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால், சக்கரக் கம்பியில் பட்டு அலகு எள்ளளவு பெயர்ந்து பல் விழுந்துவிட்டது.

இரண்டு மணிக்கு வந்தவர் அலகில் விரலை ஓட்டினார். விரல் நின்றது.

"யாரு தொட்டா?"

"நான்தான் சார்" என்று தனம் நடந்ததைச் சொன்னாள். "கழுத்து இறுகிகினே போவுது. பாத்துகினு நிக்க முடியுமா? ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருக்காங்க. பொழச்சிகிச்சி."

வெள்ளைச்சாமி கத்தியை வெயிலுக்கு நேரே உயர்த்திப் பார்த்தார். "கம்பியில பட்டிருக்கு."

"ஆமா சார்."

"வெளிப்பக்கமா இழுத்திருக்கணும்."

பெஞ்சில் இருந்த ஒப்பந்தத் தொழிலாளி சாமிக்கண்ணு, "அடுத்த தபா சக்கரத்தையே கழட்டி வெச்சிட்டு அறுக்கச் சொல்றோம் சார்" என்றான். கடை சிரித்தது. வெள்ளைச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. காலையில் வாங்கிய கொய்யா சட்டைப் பையிலேயே புடைத்துக்கொண்டிருந்தது.

தனம் கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"நாளைக்கி இன்னொரு உசுரு இப்பிடி மாட்டிகிச்சின்னா, இத எடுக்கலாமா சார், கூடாதா?"

வெள்ளைச்சாமி கத்தியை மடக்கி, உறைக்குள் தள்ளி, பொத்தானை அழுத்தினார்.

"எடுக்காதம்மா."