அவன் கைக்கென்று செதுக்கிய கிட்டார்

என் மனைவிக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது, செய்யத் தெரியும். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்போ சார் வாசிப்பீங்களோ?" என்பார்கள். "கொஞ்சம்" என்பேன். அந்தக் கொஞ்சத்தைச் சொல்லும்போது வாய்க்குள் ஏதோ கசக்கும்.

நான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவளுடைய அப்பாவுக்குச் செங்கோட்டையில் மர அறுவை மில். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் என் பழைய கிட்டார் அலமாரி மேலிருந்து விழுந்து கழுத்து முறிந்துவிட்டது. தூக்கிப் போட இருந்தேன். அவள் அதை வாங்கி, பசை வைத்து, கவ்வி போட்டு இறுக்கி ஒட்டித் தந்தாள். ஒட்டிய இடம் எதுவென்று தடவிப் பார்த்தாலும் தெரியவில்லை. அதோடு அவளுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. கார் வாங்கும்போது இருக்கட்டும் என்று கட்டிவைத்திருந்த ஷெட்டில் மரம் வந்தது, ரம்பம் வந்தது, போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். கார் இன்றுவரை வரவில்லை.

அவளுக்கு வந்த பெரிய ஆர்டர் என் கல்லூரித் தோழனுடையது. திருநெல்வேலியில் படிக்கும்போது நாங்கள் ஒரு இசைக்குழு வைத்திருந்தோம். அவன் என் அறைக்கு வந்து, என் கிட்டாரில், நான் விரலைப் பிடித்து வைக்க, முதன்முதலாக மூன்று ஸ்வரம் சேர்த்து வாசித்தவன். அந்த வருஷம் முடிவதற்குள் என்னைத் தாண்டிப் போய்விட்டான். நான் பி.எட். சேர்ந்தேன், அவன் சென்னைக்குப் போனான். இப்போது ஸ்டூடியோக்களில் அவனைத் தேடிக் கூப்பிடுகிறார்கள். அவன் எங்கள் வீட்டு ஷெட்டைப் போட்டோவில் பார்த்துவிட்டு, "தங்கச்சி, எனக்கு ஒண்ணு செஞ்சு தருவியா?" என்று அவளிடமே கேட்டான். என்னிடம் கேட்கவில்லை.

அவள் அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். நானும் அந்த வகையில் சந்தேகப்படுகிறவன் இல்லை. எனக்கு வந்தது வேறு மாதிரிப் பொறாமை. அவன் தன் இடது கையைத் தாளில் வைத்து வரைந்து படம் எடுத்து அனுப்பியிருந்தான். அவள் அதைப் பெரிதாக்கி ஷெட் சுவரில் ஒட்டினாள். அவன் வாசிக்கும் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். சாப்பிடும்போதுகூட, "அவுக மணிக்கட்ட ரொம்ப வளைக்காக, பாத்தீகளா?" என்பாள். என் மனைவிக்கு இன்னொருவன் மணிக்கட்டு தெரியும். என் மணிக்கட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

உடலுக்குப் பலா மரம். அவள் அப்பாவின் மில்லில் வருஷக்கணக்காகக் காய்ந்து கிடந்த பலகை. இழைத்ததும் உள்ளேயிருந்து மஞ்சள் வந்தது, வெல்லப்பாகு மாதிரி. அதன் மேல் பளபளப்புக்கு லேக்கர் அடிக்க வேண்டும். அவள் அடிக்க ஆரம்பித்த வாரம் குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. ஊரே அருவிக்குத் தண்ணீர் வந்த சந்தோஷத்தில் இருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் சாரலைத் திட்டிக்கொண்டிருந்தோம். காற்றில் ஈரம் இருந்தால் லேக்கர் காய்வதற்குள் அதைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அவள் ஷெட் வாசலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே பலாவின் மஞ்சள் மேல் பால் திரிந்ததுபோல வெள்ளை பூத்துக் கிடந்தது.

"அவ்வளவும் போச்சு" என்றாள். "திருப்பித் தேய்க்கணும், மரம் தெரியுத வரைக்கும்."

"அவன்கிட்ட சொல்லிருவோம், இந்த சீசன் முடியட்டும்னு" என்றேன். என் குரலில் இருந்த நிம்மதி எனக்கே கேட்டது.

அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு உப்புத்தாளை எடுத்தாள்.

தேய்த்து முடித்ததும் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சுந்தரபாண்டியபுரத்தில் அவளுடைய அக்கா வீடு இருக்கிறது. எங்கள் ஊரில் சாரல் அடிக்கும்போது அங்கே வெயில் அடிக்கும். கிட்டாரின் உடலைப் பழைய பட்டுப்புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நான் லேக்கர் டப்பாவைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழியில் சூரியகாந்தித் தோட்டங்களில் வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "பச்சப்புள்ளைக்குக் காத்து படாம மூடிக்கோங்கம்மா" என்றார். அவள் சிரித்தாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அக்கா வீட்டு மாடி அறையில் ஒரு காலத்தில் தொட்டில் கட்டிய கொக்கி இருந்தது. அதில் கிட்டார் உடலைத் தொங்கவிட்டு, அங்கேயே தங்கி, வெயில் பார்த்து லேக்கர் அடித்தாள். போலீஸில் இருக்கும் அக்கா வீட்டுக்காரர் விடுமுறையில் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது, உப்புக்கண்டமா?" என்று கேட்டாராம். போனில் இதைச் சொல்லி அவள் அப்படிச் சிரித்தாள். நான் தென்காசியில் தனியாகத் தோசை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் சிரிப்புகூட அவன் கிட்டாரோடு ஊர் மாறிப் போய்விட்டது என்று தோன்றியது.

அவள் திரும்பி வந்தபோது அந்த உடல் கண்ணாடிபோல இருந்தது. குனிந்தால் என் முகம் தெரிந்தது. குறை எதுவும் கிடைக்குமா என்று விளக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

இனி மிச்சமிருந்தவை கடைசி வேலைகள். கழுத்தை உடலோடு பூட்டி, கம்பி மாட்டி, வாசித்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அதற்கு வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அது நான்தான். கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் எலும்புத் துண்டு ஒன்று உண்டு. அதில் ஒவ்வொரு கம்பிக்கும் மெல்லிய அரத்தால் பள்ளம் அராவ வேண்டும். பள்ளம் மேலாக இருந்தால் விரல் வலிக்கும், ஆழமாகிவிட்டால் கம்பி கரகரக்கும், துண்டையே மாற்ற வேண்டியதுதான். அவள் செய்ததில் எதுவும் என்னால் கெட்டுவிடக் கூடாதென்று மெதுவாக அராவினேன். பொறாமை ஒரு பக்கம் இருந்தாலும் கை அதன் பாட்டுக்கு ஒழுங்காகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதன்முதலாக அதைத் தோளில் மாட்டினேன். கழுத்தைப் பிடித்ததும் அந்நியமாக இருந்தது. என் கைக்கு அது பருமன். மேல் ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் லேசாகச் சரித்து எடுத்திருந்தாள்.

"இங்கன எதுக்கு எடுத்திருக்க?" என்று கேட்டேன்.

"அவுக பெருவெரலு மேல வந்து கம்பிய அமுக்கும். அதுக்கு வாகா இருக்கட்டும்னுதான்."

"என் பெருவெரலு எங்கன நிக்கும்னு ஒனக்குத் தெரியுமாட்டி?"

அவள் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "தெரியாமயா? கழுத்துக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருப்பீக. யாரோ வந்து புடுங்கிட்டுப் போயிருவாகங்குத மாதிரி பயந்துக்கிட்டே வாசிப்பீக."

கோபப்பட்டுச் சொல்லவில்லை. மரத்தில் முடிச்சு எங்கே இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். நான் வாசித்தேன். எந்த இடத்தில் கரகரக்கிறதென்று அவள் கண்ணை மூடிக் கேட்டுச் சொல்லச் சொல்ல, இருவருமாகச் சரிசெய்தோம்.

அவன் ஆடி மாசத்தில் வந்தான். குற்றாலத்தில் அறை எடுத்து, ஐந்தருவியில் குளித்துவிட்டு, தலையில் ஈரமும் எண்ணெய் வாசனையுமாக நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். "ஏலே, கொஞ்சம் சதை போட்டுட்டியே" என்று என் வயிற்றைத் தட்டினான். சொதியும் இஞ்சித் துவையலும் தயாராக இருந்தன. "சாப்பாடு பொறவு" என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் போனான்.

ஸ்டூலில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்தான். வித்தை காட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் ஒரே ஒரு தடவை கம்பிகளை மீட்டி, சத்தம் தானாக அடங்கும்வரை அசையாமல் இருந்தான். பிறகு மெதுவாக வாசிக்க ஆரம்பித்தான். அவன் பெருவிரல் மேலே வந்து, அவள் எடுத்து வைத்திருந்த சரிவில் சரியாக உட்கார்ந்தது. பலா மரத்துக்குள் இப்படி ஒரு சத்தம் இருந்ததா என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதே நேரம் வயிறும் எரிந்தது.

"தங்கச்சி" என்றான் அவன். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அவன் மேலிருந்த பொறாமை எனக்குப் பழக்கமானது, இருபது வயதிலிருந்து கூடவே வருவது. அன்று என்னைக் குத்தியது அது இல்லை. என்னோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த நேரத்தில், இவள் ஒன்றைத் தொடங்கி முடித்துவிட்டாள். நான் பொறாமைப்பட்டது அவள் மேல்.

அவன் கிட்டாரை மறுபடி மடியில் சரிசெய்தான். "ரெண்டாவது கம்பி மட்டும், தலைப்பக்கம் ஒரு பொட்டு ஒசரமா இருக்கோ?" என்று தயங்கிக் கேட்டான்.

அது நான் அராவிய இடம். கெட்டுவிடுமோ என்று பயந்து அந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் முன்பே நிறுத்தியிருந்தேன்.

"நான் பாக்கேன்ணே" என்று அவள் அரத்தை எடுத்தாள்.

"குடு. அது என் வேலை" என்றேன்.

அவன் முன்னாலேயே கம்பியைத் தளர்த்தி, பள்ளத்தில் அரத்தை வைத்து இழுத்தேன். ஊதிவிட்டுப் பார்த்தேன். இன்னொரு தடவை இழுத்தேன். கம்பியை முறுக்கித் தந்ததும் அவன் வாசித்துப் பார்த்தான். "இதுதாம்லே. இதுக்கு மெட்ராஸ்ல ஆளு தேடணும்" என்றான். அவன் மனசாரச் சொன்னதுதான். என்னால் முழுதாகச் சந்தோஷப்பட முடியவில்லை.

அவன் மட்டும் சாப்பிட்டு, கிட்டாரைப் பெட்டியில் வைத்து, காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அவள் கார் திரும்பும்வரை வாசலிலேயே நின்றாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது.

"எனக்குப் பொறாமையா இருக்கு" என்றேன்.

"எனக்குத் தெரியும்லா. தொடக்கத்துலேருந்தே அண்ணன் மேல வயித்தெரிச்சல்லதான இருக்கீக."

"அவன் மேல மட்டும் இல்ல. ஒன் மேல."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். சமாதானம் சொல்வாள் என்று நினைத்தேன். "என் மேலயா?" என்றாள். முகத்தில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது. "சரி, இருக்கட்டும். ரெண்டு பேரு மேலயும் பொறாமப்படுதீக, பசிக்கும். நீங்க இன்னும் சாப்பிடல. வாங்க."

இப்போது கடையநல்லூர்க்காரர் ஒருவருக்கு அடுத்த கிட்டார் செய்துகொண்டிருக்கிறாள். துபாயிலிருந்து விடுமுறைக்கு வரும்போது வாங்கிக்கொள்வாராம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் ஷெட்டுக்குப் போய்விடுகிறேன். உடலைத் தேய்க்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நேற்று ஒரு பக்கம் முழுக்கத் தேய்த்துவிட்டுக் காட்டினேன். அவள் உள்ளங்கையை வைத்து ஒரு தடவு தடவினாள்.

"மேடு இருக்கு. திருப்பித் தேய்ங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

நானும் தடவிப் பார்த்தேன். எனக்கு ஒரு மேடும் தட்டுப்படவில்லை. அவள் கைமேல் எரிச்சலாக வந்தது. புது உப்புத்தாள் ஒன்றைக் கிழித்து எடுத்துக்கொண்டேன்.