ஒரு ஆளுக்கு மட்டும் பரிசல்

மஸ்கட்டுக்கு வந்து பதினோரு வருடம் ஆகியும் வெள்ளிக்கிழமைச் சாயங்காலம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வெயில் இறங்கியதும் ரோட்டோரப் புல்தரையில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பண்டிகை கிடையாது, காதுகுத்து கிடையாது, ஊரிலிருந்து யாரும் வந்திருக்கவும் இல்லை. மிஷ்காக் என்று கம்பியில் குத்திச் சுட்ட கறியைச் சும்மா பேசிக்கொண்டே தின்றுவிட்டு, பிள்ளைகளைப் பந்து விளையாட விட்டுவிட்டுப் போகிறார்கள். எங்கள் கடத்தூரில் வீட்டுக்கு வெளியே குடும்பத்தோடு உட்கார்ந்து கறி தின்றால், அன்றைக்குக் கோயிலில் கிடா வெட்டியிருக்க வேண்டும்.

நான் வேலை செய்யும் ஏசி பட்டறையின் மேற்பார்வையாளர் சாலிம் இந்த நாட்டுக்காரர். ஒருநாள் டீ குடிக்கும்போது, லீவு நாளில் எங்கே போவாய் என்று இந்தியில் கேட்டார். ரூமிலேயே கிடப்பேன், காசை மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்புவேன் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றார். யாருக்கும் ஒன்றுமில்லை என்று எவ்வளவோ சொன்னேன். நான் மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. மறுநாள் ஒரு டப்பா பேரீச்சம்பழத்தைக் கொடுத்து, சீக்கிரம் குணமாகட்டும் என்றார். ரூமில் எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். போன லீவுக்குப் போய் வந்த பிறகு அந்தச் சிரிப்பு வருவதில்லை.

என் மகள் யாழினி நான்காம் வகுப்பு படித்தபோது பள்ளியில் ஒகேனக்கலுக்குக் கூட்டிப் போனார்கள். தானும் போய்ப் பரிசலில் ஏற வேண்டும் என்று போனில் அழுதாள். அப்போது வீட்டுக்குத் தளம் போட வேண்டியிருந்தது. "இப்ப தண்டச் செலவு வேணாம் சாமி, அடுத்த லீவுல அப்பாவே கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அடுத்த லீவில் போர்வெல் போட்டோம். அதற்கடுத்த லீவில் ஆற்றில் தண்ணீர் கூடிப் பரிசலை நிறுத்திவிட்டார்கள். செலவு மிச்சம் என்று உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. வாராவாரம் போனில் சிக்கனத்தைப் பற்றிப் பாடம் எடுத்தேன். பிள்ளை கேட்பதை நிறுத்திவிட்டாள். எவ்வளவு பொறுப்பாக வளர்கிறாள் என்று நான் பெருமை அடித்துக்கொண்டேன். என்னைப் போல வெளிநாட்டில் கிடப்பவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் பெருமை அடித்துக்கொள்கிறோம்.

போன லீவில் அவள் பிளஸ் டூ முடித்திருந்தாள். காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டால் அப்புறம் மூன்று பேரும் சேர்ந்து இருக்க நாள் வாய்க்காது. இந்தத் தடவை செலவுக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது, வாடகைக்குக் கார் எடுத்தே ஒகேனக்கல் போவது என்று முடிவு செய்தேன். என் மனைவி தனம் ஒத்துக்கொள்ளவில்லை.

"காரா? டவுன் பஸ்ல எங்க ரெண்டு பேருக்கும் ஓசிதானுங்க. உங்களுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தாப் போதும்."

தர்மபுரி, பென்னாகரம், ஒகேனக்கல் என்று மகளிருக்கு இலவசமான பஸ்ஸாகப் பார்த்து ஏறினோம். வேறு பஸ் வந்தால் விட்டுவிட்டு நின்றோம். எங்களில் காசு கொடுத்து வந்தவன் நான் ஒருவன்தான். ஆற்றங்கரையில் மீன் வறுக்கும் வாசனை மூக்கைத் துளைத்தது. தனம் வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிச்சோற்றைப் பிரித்து வைத்தாள்.

சாப்பிட்டதும் பரிசல் துறைக்குக் கூட்டிப் போனேன். "வா சாமி, ஏறலாம்."

"எனக்கு எதுக்குப்பா? போன்லயே எல்லாம் பாத்துட்டேன்."

"காசப் பத்தி யோசிக்காத. இன்னிக்கு அப்பா செலவு பண்றேன்."

"தண்டம்ப்பா" என்றாள். அதில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. நான் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னாள். அந்த இடத்திலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தனத்தைப் பார்த்தேன். "அவ சொல்றது சரிதானுங்க. நாங்க இங்கயேதான் இருக்கறோம், எப்ப வேணும்னாலும் பாத்துக்கலாம். நீங்க எப்பவோ ஒருக்கா வர்றவங்க. நீங்க போய்ட்டு வாங்க."

வந்த விருந்தாளியை அனுப்பி வைப்பது போலச் சொன்னாள். நான் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே யாழினி நழுவிப் போய், பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்திடம் பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாகப் பேசிவிட்டு ஓடி வந்தாள்.

"அப்பா, அவங்க மூணு பேருதான். ஒரு ஆளுக்கு எடம் இருக்குது. ஒங்க பங்கு மட்டும் குடுத்தாப் போதுமாம். சீக்கிரம் ஏறுங்க!"

மிச்சம் பிடித்துவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில் அப்படிப் பொங்கியது. அன்றைக்கு முழுவதும் அவள் முகத்தில் நான் பார்த்த சந்தோஷம் அது ஒன்றுதான். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. ஏறிக்கொண்டேன்.

நடு ஆற்றில் பரிசல்காரர் பரிசலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். அந்தக் குடும்பத்தின் சின்னப் பெண் பயந்து அலறி, பிறகு விழுந்து விழுந்து சிரித்து, பக்கத்தில் இருந்த என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பரிசல் சுற்றச் சுற்ற என் வீட்டார் கரையில் தெரிந்தார்கள், மறைந்தார்கள், மறுபடி தெரிந்தார்கள். யாழினி போனைத் தூக்கிப் பிடித்து என்னை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் யாரோ பெற்ற பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை என் பிள்ளையைப் பார்த்து ஆட்டினேன்.