அத்தையைத் தூக்க ஓர் ஆள்

மழைக்காலம் வந்தால் இப்போது கிராம சேவகர் ஒரு கடதாசி கொடுத்துவிட்டுப் போகிறார். அவசரத்துக்குப் பையில் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று அதில் இருக்கும். அதன் பின்பக்கத்தில், நடக்க முடியாத என் மாமியாரைத் தூக்க இரண்டு பேரின் பெயரை எழுதி வைப்பேன். ஏன் இரண்டு என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. நானாகச் சொன்னதும் இல்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. மாத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். பக்கத்து மலையில் மண் சரிந்த வருஷம் அப்பா வீட்டில் ஒரு பயிற்சி தொடங்கினார். மலை ஊற்று வந்து விழும் பீலியில் தண்ணீர் கலங்கி வந்தால் உடனே பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட வேண்டும். ஆளுக்கு ஒரு பொறுப்பு. அம்மாவுக்குத் தம்பியும், பிறப்புச் சான்றிதழ்கள் இருந்த பையும். எனக்கு நெருப்புப்பெட்டி போட்ட பால்மா டின். அப்பாவுக்கு அத்தை. அவருடைய அக்கா, சின்ன வயதில் காய்ச்சல் வந்து இரண்டு காலும் விளங்காமல் போனவர். அப்பாவின் முதுகில் ஏறிக்கொண்டு டோர்ச் பிடிப்பது அத்தையின் பொறுப்பு. அடுத்தவர் பொறுப்பில் யாரும் கை வைக்கக் கூடாது, நிற்கவும் கூடாது. தம்பியின் செருப்பை எடுக்க நின்று நான் ஒருமுறை குட்டு வாங்கியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வரிசையாக ஓடும்போது லயமே வாசலில் நின்று சிரிக்கும்.

"என்னக்கா, சவாரி கதிர்காமத்துக்கா?"

"குதிரைக்கு மூச்சு வாங்குது. பாதி வழிதான் போகும் போல" என்பார் அத்தை.

அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலையில் அப்பா மாத்தளைக்குப் போனார். மத்தியானம் பீலியில் செந்தண்ணீர் வந்தது. அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு, "டின்ன எடுத்துக்கிட்டு ஓடியா" என்று முன்னால் ஓடினார்.

டின்னை எடுத்துக்கொண்டு திரும்பினேன். கட்டிலில் அத்தை இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி உட்கார்ந்திருந்தார், பயிற்சியில் நீட்டுவது போலவே. என்னைப் பார்த்ததும் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ போடி. ஒங்கப்பா வந்து தூக்கிக்குவான்."

"அப்பா வந்துட்டாரா?"

"கோழிக்கூட்டுக்கிட்ட நிக்கிறான். நின்னா குட்டுத்தான், ஓடு."

ஓடினேன்.

பள்ளிக்கூடத்தில் தம்பியை என்னிடம் கொடுத்துவிட்டு அம்மா உடனே திரும்பி ஓடினார். பாதி வழியில் ஆட்கள் பிடித்து நிறுத்திவிட்டார்கள். அதற்குள் லயத்தின் எங்கள் பக்கம் மண்ணுக்கடியில் போயிருந்தது.

பொழுது சாயும்போது அப்பா நனைந்துபோய் வந்தார். நான்தான் முதலில் ஓடிப்போய் டின்னைத் திறந்து காட்டினேன்.

"ஒரு குச்சிகூட நனையலப்பா."

அவர் அதைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"அக்கா?"

"ஒங்க கூடத்தானே வந்தாங்க" என்றேன் நான்.

அப்பா சட்டைப்பைக்குள் கையை விட்டு இரண்டு புதுப் பெட்டரியை எடுத்துப் பள்ளிக்கூட வாங்குப் பலகையில் வைத்தார். டோர்ச் மங்குது என்று காலையில் அவரை மாத்தளைக்கு அனுப்பியதே அத்தைதான்.

அத்தைக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, வேறு யாரையோ பார்த்து அப்பா என்று நினைத்துவிட்டார் என்று வெகுகாலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவரும் என்னைத் திருத்தவில்லை.