அஃபிசினாலிஸ் என்றால் மருந்து

பெருமாள்மலைக்குப் பக்கத்தில் ஒரு விடுதித் தோட்டத்தில் செடிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது என் வேலை. தாவரவியல் படித்தவன் என்பதால் தமிழ்ப் பெயருக்குக் கீழே லத்தீன் பெயரையும் எழுதுவேன். சுற்றுலா வந்தவர்கள் கேட்டால் அர்த்தமும் சொல்வேன். எனக்கு லத்தீன் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை.

ரோஸ்மேரியின் பழைய லத்தீன் பெயர் ‘அஃபிசினாலிஸ்’ என்று முடியும். ஒருவர் அதைக் கேட்டபோது, “அஃபிசினாலிஸ்னா மருந்துன்னு அர்த்தம். சும்மா அந்தப் பேரை வைக்க மாட்டாங்க” என்று அளந்துவிட்டேன். பக்கத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த அக்கா, அடுக்கம் கிராமத்திலிருந்து வேலைக்கு வருகிறவர், நிமிர்ந்து பார்த்தார். எந்த நோய்க்கு என்று கேட்டார். வந்தவர்கள் முன்னால் விழிக்க மனமில்லாமல், சர்க்கரைக்குக்கூட நல்லது என்றேன்.

நாலு மாதம் கழித்து, அவர் வீட்டுக்காரருக்குக் காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போயிருந்தேன்.

“மாத்திரைய நிறுத்திட்டு, தெனம் வெள்ளனே அந்தத் தழையத்தான் கொதிக்க வச்சுக் குடுத்தேன் சார்” என்றார் அக்கா. என்னைக் குறை சொல்லவில்லை. தன் பக்குவம்தான் தப்பிவிட்டதோ என்று நொந்துகொண்டார்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக லத்தீன் அகராதியைப் பார்த்தேன். ‘ஓபுஸ்’ என்றால் வேலை, ‘ஃபாகெரே’ என்றால் செய்தல். இரண்டும் சேர்ந்து, தேய்ந்து, ‘அஃபிசினா’ ஆனது: பட்டறை. பிற்பாடு ஐரோப்பியத் துறவி மடங்களில் மருந்தும் பண்டமும் வைக்கும் அறைக்கும் அதுவே பெயர். ‘ஆலிஸ்’ என்ற விகுதி சேர்ந்தால் பெயரடை, அந்த அறையைச் சேர்ந்தது என்று பொருள். செடி ஒரு காலத்தில் எந்த அறையில் இருந்தது என்பதைத்தான் சொல் சொல்கிறது. சர்க்கரையைப் பற்றி அதில் ஒரு எழுத்துகூட இல்லை. இதைப் படிக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மறுவாரம் அக்கா வேலைக்கு வந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். பலகைகளைப் பார்த்துக்கொண்டு நின்றவர் முந்திக்கொண்டார்.

“புண்ணு ஆறாமக் கெடக்கு சார். அதுக்கு இந்த மாதிரிப் பேரு வச்ச செடி எதுவும் இருக்குங்களா?”

எனக்குத் தெரியாது, டாக்டர் சொல்வதை மட்டும் கேளுங்கள் என்றேன். அவ்வளவுதான் முடிந்தது. அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்பதைச் சொல்ல நா எழவில்லை. படித்தவர் தெரிந்துவைத்துக்கொண்டே மறைக்கிறார் என்று நினைத்திருப்பார். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போனார்.