பஞ்சுவின் கடைவாய்ப் பல்

தெருவில் எல்லோரும் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் பத்தொன்பது வருட வேலை. ஒரு மயிரிழை உயரம் கூடினாலும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒத்துப்போகாது என்று நாள் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ராவுகிறவள், வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருப்பாளா? செருப்பை எங்கே விட வேண்டும் என்றுகூட எழுதி ஒட்டியிருந்தாள்.

வீட்டிலிருந்த ஒரே ஏ.சி. பின்னறையில் ஓடியது. புருஷன் ஏ.சி. மெக்கானிக். ஊரையெல்லாம் குளிரவைத்துவிட்டு வந்து, மின்விசிறிக்கடியில் வியர்த்துக் கிடப்பான். "என்னக் கட்டிக்கிட்டதே இதுங்களுக்கு ஏ.சி. மாட்டத்தான்" என்பான்.

இதுகள் என்றால் ஏழு சின்சில்லாக்கள். எலிக் காதும் அணில் வாலும் பஞ்சு மூட்டை உடம்புமான குளிர்நாட்டுப் பிராணி. வெயில் தாங்காது, நனையக் கூடாது, மாவு போன்ற மணலில் புரண்டுதான் குளிக்கும். அந்தக் குளியலை வீடியோவில் பார்த்துவிட்டு ஆசை ஆசையாக வாங்குவார்கள். இருபது வருடம்கூட உயிரோடிருக்கும் என்று தெரிந்ததும் அட்டைப்பெட்டியில் போட்டு இவள் வாசலில் வைத்துவிட்டு நழுவிவிடுவார்கள்.

நல்ல வீடாகப் பார்த்து அவற்றைக் கொடுக்கும்போது பல்லக்கா ஒரு தாளில் கையெழுத்து வாங்குவாள். அதில் முதல் நிபந்தனை, குட்டி போட விடக் கூடாது. வாசலில் விட்டுப்போனதற்கு அப்பன் யார், ஆத்தாள் யார், என்ன நோய் என்று யாருக்குத் தெரியும்? "ஒரே ஒரு தடவ, குட்டி பார்க்க ஆசையா இருக்கு" என்று யாராவது இழுத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இருப்பவற்றுக்கே வீடு கிடைக்கவில்லை, இதில் ஆசை வேறு!

அந்தத் தாளில் அவள் தங்கையும்தான் கையெழுத்துப் போட்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் பஞ்சு என்ற சாம்பல்நிறப் பெண் சின்சில்லாவை எடுத்துப்போனவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடையோடு வந்து நின்றாள். முகமெல்லாம் பல்.

"அக்கா, கண்ண மூடு."

"பஞ்சுவுக்கு என்ன ஆச்சு?"

"அவளுக்கு ஒண்ணும் ஆகல. நீ பெரியம்மா ஆயிட்ட!"

கூடைக்குள் பஞ்சு. அதன் வயிற்றடியில் மூன்று குட்டிகள், கண் திறந்து, மயிரோடு, கைக்குள் அடங்கும் அளவில்.

"ஆண் ஏது?"

"தனியா மூலையில உட்கார்ந்திருந்தா, பாவமா இருந்துச்சு. கடையில ஒண்ணு வாங்கி விட்டேன்."

"இவ குட்டி போட்டப்போ அது எங்க இருந்துச்சு?"

"அதே கூண்டுலதான். அப்பாவாச்சே!"

பல்லக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்தப் பிராணி குட்டி போட்ட அன்றைக்கே மறுபடி சினை பிடிக்கும். அடுத்த ஈற்று உண்டா இல்லையா என்று தெரியும்வரை, நாலு மாதம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"கையெழுத்துப் போட்டியா இல்லையா?"

"போட்டேன். நீதான் எல்லாத்துக்கும் ஒரு பேப்பர நீட்டுவியே! அதுல எது நிஜம், எது உன் கிறுக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? கவலப்படாத, மூணுக்கும் ஆள் சொல்லிட்டேன்."

பல்லக்கா பஞ்சுவைத் தூக்கிக் கீழ்த்தாடையைத் தடவினாள். மோவாய் ஈரமாக இருந்தது. அடியில் ஒரு சிறு மேடு தட்டுப்பட்டது. மறுபடியும் அதே இடத்தைத் தடவினாள்.

"என்னக்கா தடவுற?"

"ஒண்ணுமில்ல."

பின்னறையில் ஸ்டூல் மேல் ஏறி ஏ.சி.யின் தூசி வலையைக் கழற்றிக்கொண்டிருந்த புருஷன் திரும்பாமலே சொன்னான். "சொல்லிடு."

சொன்னாள். பஞ்சு முதலில் இங்கே வந்த வாரமே எக்ஸ்ரே எடுத்தார்கள். கடைவாய்ப் பல்லின் வேர் தாடை எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வம்சத்தில் வரக்கூடிய நோய், பின்னால் தின்ன முடியாமல் போகலாம் என்றார் கால்நடை மருத்துவர். அறையில் அப்போது இடமே இல்லை. நோயாளி என்று சொன்னால் யார் எடுப்பார்கள்? படத்தை மேசை இழுப்பறையில் அடியில் தள்ளிவிட்டாள். நிபந்தனையை மட்டும் எழுதினாள், காரணத்தை எழுதவில்லை.

தங்கையின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "இதுங்களுக்கும் வருமா?"

"வரலாம், வராமலும் போகலாம். தெரிய வருஷக்கணக்காகும்."

ஊருக்கெல்லாம் பல் செய்கிறவளால் இந்த மூன்றுக்கும் ஒரு பல் செய்துவிட முடியாது.

தங்கை போனை நீட்டினாள். "நீயே அவங்ககிட்டச் சொல்லு."

குட்டி கேட்டிருந்த மூன்று பேருக்கும் பல்லக்கா நோயைச் சொன்னாள். தங்கையின் மாடிவீட்டுக்காரர், பசங்களுக்குப் பரீட்சை வருகிறது என்றார். ஆபீஸ் தோழி, கேட்டுச் சொல்கிறேன் என்றாள். மூன்றாவது ஆள் பாதியிலேயே வைத்துவிட்டான்.

"பார்த்தியா? இதுக்குத்தான் சொல்லல" என்றாள் பல்லக்கா. ஜெயித்துவிட்டதைப் போலிருந்தது குரல்.

தங்கை பஞ்சுவை வாங்கிக் குட்டிகளோடு கூடையில் விட்டாள். வெயிலுக்கு ஈரத்துணியைக் கூடை மேல் போடப்போய், நனையக் கூடாதென்று நினைவு வந்து, காய்ந்த துணியாகப் பார்த்துப் போட்டாள்.

"நாலும் எங்கிட்டயே இருக்கட்டும். ஆண மட்டும் சாயங்காலம் கொண்டாந்து விடுறேன், தனியா வை. அந்த எக்ஸ்ரேய எடு, டாக்டர்கிட்டக் காட்டணும்."

"உனக்கு எதுக்குடி இந்தத் தலவலி?"

"அவங்க மூணு பேரும் யாரோ. என்ன ஏன் அந்த லிஸ்ட்ல சேர்த்த? நீ அன்னைக்கே சொல்லியிருந்தாலும் இவள நான் கூட்டிட்டுத்தான் போயிருப்பேன்." குரல் உடைந்தது. "ஆண் வாங்கியிருக்க மாட்டேன். அவ்வளவுதான்."

இழுப்பறை இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் இழுத்தாள் பல்லக்கா. அதற்குள் தங்கை கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், படத்துக்காகக் கை நீட்டியபடி நின்றிருந்தாள்.